துணி சுற்றாத பூ

“அம்மா, பித்தளை கறுக்காம இருக்க ஒரு வழி சொல்லுங்க.”

கேட்டவர் தண்டபாணி. தலை நரைத்த மனிதர். அம்மாவுக்கோ அவருடைய மகள் வயதுதான் இருக்கும். ஆனாலும் கடலோரத்து அந்த மடத்தில் எல்லாருக்கும் அவர் அம்மாதான்.

சீடர்கள் சிரிப்பை அடக்கிக்கொண்டார்கள். பிறவி தீர வழி கேட்கிற இடத்தில் பாத்திரம் விளக்க வந்துவிட்டாரே இந்த மனுஷர்!

அம்மா சிரிக்கவில்லை. “எந்தப் பித்தளை?”

“வாசக்கதவுதாம்மா. தட்டுற வளையம், ரெண்டு குமிழ், வளையத்துக்குக் கீழே ஒரு சின்னப் பூ. காலையில தேய்ச்சா, உப்புக்காத்துல சாயங்காலமே மங்கிப்போகுது.”

“மங்கினா என்ன?”

தண்டபாணி குரலைத் தாழ்த்தினார்.

“என் மக மரகதத்தை, இனி இந்த வாசப்படி ஏறாதேன்னு துரத்தினவன் நான். பாவி. இப்ப ஊருக்கு வந்திருக்காளாம். சந்தையில பார்த்தவங்க சொன்னாங்க. எங்க தங்கியிருக்கான்னு யாருக்கும் தெரியலை. எப்ப வேணும்னாலும் வருவா. கதவு கறுத்துக் கிடந்தா, அப்பன் மனசும் இன்னும் அப்படியேதான் இருக்குன்னு திரும்பிடுவாளேம்மா!”

“கதவையா பார்ப்பா?”

“முதல்ல அதைத்தான் பார்ப்பா. சின்ன வயசுல, கதவு திறக்கிற வரைக்கும் பாவாடை நுனியால அந்தப் பூவைத் தேய்ச்சுக்கிட்டே நிப்பா. வளர்ந்தும் பழக்கம் போகலை. பாவாடை போய் முந்தானை வந்துச்சு, அவ்வளவுதான்.”

“இப்ப என்ன பண்ணியிருக்கீங்க?”

“புளி போட்டுத் தேய்ச்சு, ஈரமில்லாமத் துடைச்சு, எண்ணெய் தடவி, வளையத்துலயும் குமிழ்லயும் துணியை இறுக்கிச் சுத்திட்டேன். அதெல்லாம் கறுக்கலை. பூவுலதான் துணி நிக்க மாட்டேங்குது. அது கறுத்துட்டே போகுது. அதுக்குத்தான் வழி கேக்கறேன்.”

“நாளைக்கு வந்து பாக்கிறேன்” என்றார் அம்மா.

மறுநாள் தண்டபாணி எங்கும் போகவில்லை. வாசலில் உட்கார்ந்தால், மரகதம் தூரத்திலிருந்தே பார்த்துப் பயந்துவிடுவாளோ என்று உள்ளே கூடத்தில் உட்கார்ந்தார். வாசலுக்கும் கூடத்துக்கும் நடுவே நீளமான நடை. சோறு இறங்கவில்லை. எந்தச் சத்தம் கேட்டாலும் எழுந்தார்.

மகளும் வரவில்லை. அம்மாவும் வரவில்லை.

பொழுது சாயும்போது மடத்துக்கு ஓடினார்.

“இப்படி ஏமாத்தலாமா அம்மா? வரேன்னு சொன்னீங்களே!”

“வந்தேன். வளையத்தைப் பிடிச்சுத் தட்டினேன். ரொம்ப நேரம் நின்னேன்.”

“காதைத் தீட்டிக்கிட்டு உக்காந்திருந்தேனே. ஒரு சத்தமும் கேக்கலையே!”

அம்மா உள்ளங்கையை விரித்தார். விரலெல்லாம் எண்ணெய்.

தண்டபாணி அந்தக் கையையே பார்த்தார்.

“துணி…” என்றார். “துணியைச் சுத்தினா சத்தம் வராதுன்னு எனக்குத் தோணவே இல்லையே.”

“அது போகட்டும். பூ கறுக்குதுன்னு சொன்னீங்க. நான் போனப்ப அது ஒண்ணுதான் பளபளன்னு இருந்துச்சு. எதைப் போட்டுத் தேய்ச்சீங்க?”

“பூவையா? இன்னிக்கு நான் அதைத் தொடவே இல்லையே, அம்மா.”

சொன்னவர், “முந்தானை…” என்று முணுமுணுத்தார்.

பிறகு அவர் ஓடிய வழியில் செருப்பு மட்டும் கிடந்தது.