ஒரு சுரமும் குறையாது

“ஒரு சுரத்தைக்கூட விட மாட்டேன், டீச்சர்” என்றார் பொன்னுரங்கம்.

பிலோமினா டீச்சர் தாளைப் பார்த்தார். பியானோவுக்கென்று எழுதிய இசை.

“பியானோவில் பத்து விரலும் பேசும், தோழர். கிடாரில் கம்பியை அழுத்த நாலே விரல். பாதிச் சுரத்தை எடுத்தால்தான் கைக்கு அடங்கும்.”

“ஆட்குறைப்பா? முப்பது வருஷம் அதை எதிர்த்தே தொண்டை கிழிஞ்சவன் நான். என்கிட்டயேவா?”

அவர் வேலை பார்த்த பஞ்சாலையின் மதிலுக்கு அந்தப் பக்கம் அதிகாரிகள் மன்றம். சாயங்காலமானால் அங்கே பியானோவில் இதே இசைதான். இந்தப் பக்கம் பஞ்சுத் தூசியில் இருமிக்கொண்டே தொழிலாளிகள் அதைக் கேட்டார்கள். அவர்களை உள்ளே விடவில்லை. ஆனால் காதுக்குப் பூட்டுப் போட எந்த முதலாளிக்கும் தெரியவில்லை.

ஓய்வு பெற்றதும் பொன்னுரங்கம் ஒரு கிடார் வாங்கினார். தன் மகள் வயதுள்ள டீச்சரிடம் மாணவராகச் சேர்ந்தார்.

வரும் ஞாயிறு தொழிற்சங்கத்தின் ஆண்டு விழாவில் அவர் வாசிக்க வேண்டும். ‘அவர்கள் இசை நம் கையில்! ஒரு சுரமும் குறையாது!’ என்று அவரே எழுதிய துண்டறிக்கை ஊரெல்லாம் போய்விட்டது.

“குறைஞ்சா எதிர்ச் சங்கத்துக்காரன் சிரிப்பான், டீச்சர். தொழிலாளிக்கு எப்பவும் மிச்சம் மீதிதான்னு ஆயிடும்.”

“சரி, வாசிங்க.”

வாசித்தார். சுண்டுவிரல் இழுத்துக்கொண்டது. தாளம் நொண்டியது. மெட்டு எங்கேயோ அடியில் நசுங்கிக் கிடந்தது.

“எப்படி?”

“சுரமெல்லாம் இருக்கு. பாட்டைத்தான் காணோம்.”

பொன்னுரங்கத்துக்கு மூக்குக்கு மேல் கோபம். “குறை சொல்ல நூறு பேர் இருக்கான். வழி சொல்லுங்க.”

டீச்சர் எழுந்து போய் ஜன்னலைத் திறந்தார்.

“ஒரு கோஷம் போடுங்க.”

“இங்கேயா?”

“ஏன், குரல் போயிடுச்சா?”

அது போதும். பொன்னுரங்கம் ஜன்னலுக்கு வந்தார். கை தானாக உயர்ந்தது.

“பூட்டிய கதவைத்…”

கீழே டீக்கடையிலிருந்து ஏழெட்டுக் குரல்கள் எழுந்தன. “திறந்துவிடு!”

ஒருவர் டம்ளரோடு தெருவுக்கு வந்து அண்ணாந்து பார்த்தார். “என்ன தோழர், மாடியிலயும் போராட்டமா?”

டீச்சர் கேட்டார்: “பாதியில நிறுத்திட்டீங்களே, ஏன்?”

“மீதியையும் நானே கத்தினா அதுக்குப் பேர் கோஷமா, டீச்சர்? வீட்டுச் சண்டை!”

சொல்லிவிட்டுப் பெரிதாகச் சிரித்தார். சிரிப்பு நடுவில் நின்றது.

டீச்சர் தாளை அவர் முன்னால் நகர்த்தினார். பென்சிலை நீட்டினார்.

பொன்னுரங்கம் தாளை வெகுநேரம் பார்த்தார். பிறகு முதல் சுரத்தைக் கோடு போட்டு அடித்தார். தன் பல்லையே பிடுங்குகிற முகத்தோடு.

ஞாயிற்றுக்கிழமை பந்தல் நிறைந்திருந்தது. முன்வரிசையில் பாதி எதிர்ச் சங்கம். சிரிக்கவே வந்தவர்கள்.

பொன்னுரங்கம் வாசித்தார். மெட்டு தெளிவாக நடந்தது. அடியில் ஒரு சுரம், அப்புறம் வெறும் இடம். மறுபடி ஒரு சுரம், மறுபடி வெறும் இடம். அந்த இடங்களில் அவர் அவசரப்படவில்லை.

முடிந்ததும் கைதட்டலுக்கு முன்பே எதிர்ச் சங்கத்துச் செயலாளர் கலியமூர்த்தி எழுந்துவிட்டார்.

“இருய்யா! ஒரு சுரமும் குறையாதுன்னு ஊரெல்லாம் அளந்தியே. அடியில பாதியைக் காணோம்!”

டீச்சர் பொன்னுரங்கத்தைப் பார்த்தார்.

“எதெதைக் காணோம்?” என்றார் பொன்னுரங்கம்.

“எதெதையா? நானும் அதே மதிலோரம் முப்பது வருஷம் நின்னவன்டா! கேட்டுக்கோ…”

கலியமூர்த்தி தொடையில் தாளம் போட்டு, விட்டுப்போன சுரங்களை ஒவ்வொன்றாகப் பாடிக் காட்டத் தொடங்கினார். பக்கத்தில் இருந்தவர்கள், “அப்படி இல்லைய்யா, இப்படி” என்று திருத்திக்கொண்டே சேர்ந்துகொண்டார்கள்.

பொன்னுரங்கம் மெதுவாகக் கிடாரை எடுத்து, மெட்டை முதலிலிருந்து தொடங்கினார்.