திருமேனி எழுதிய யானை

சத்தியம், சத்தியம், தலையில் அடித்துச் சத்தியம்! இதில் ஒரு சொல் பொய்யானாலும் என் நாக்கு அழுகட்டும்.

திருமேனி கார்ட்டூன் படம் வரைந்துகொண்டிருந்தவர். அவர் வரைந்த எலி காகிதத்தை விட்டு இறங்கி, முதலாளியின் வடையைத் தின்றதை அந்தத் தெருவே அறியும். அவருடைய ஐம்பதாவது வயதில் அந்தக் கார்ட்டூன் ஸ்டுடியோவை மூடிவிட்டார்கள். வானொலிக்கு நாடகம் எழுதப் போனார். அதுவும் சரிவராவிட்டால் மைத்துனரின் பெயின்ட் கடைதான் என்று வீட்டில் சொல்லிவிட்டார்கள்.

வானொலியில் அவருக்கு வாய்த்த குரு, நாடகத் தயாரிப்பாளர் பிலோமினா. அவரைவிட வெகு இளையவள்.

முதல் நாடகத்தில், காட்டோரம் வேலை பார்க்கும் புருஷனுக்குச் சோறு கொண்டுபோகிறாள் ராக்கு. எதிரே ஒற்றை யானை. அது நடந்து வருவதை மட்டும் இரண்டு பக்கம் எழுதியிருந்தார் திருமேனி. கால் தூக்குவது, காது மடங்குவது, வால் ஆடுவது. எல்லாம் கண்ணாடி முன்னால் தானே யானையாக நடந்து பார்த்து எழுதியது.

பிலோமினா படித்தாள். "யானை நடந்தா சத்தம் கேக்குமாண்ணே?"

"கேக்காதும்மா. மெத்துமெத்துன்னு வரும்."

"அப்ப ரேடியோவுல எப்படி வரும்?"

அவள் இரண்டு பக்கத்தையும் அடித்துவிட்டு நடிகையிடம் திரும்பினாள்.

"தூக்குவாளியைக் கையில பிடி. மூடி கடகடன்னு நடுங்கட்டும். வேற ஒண்ணும் வேண்டாம்."

ஒலிபரப்பான அன்று வாழைத் தோப்புகளுக்கெல்லாம் தீப்பந்தத்தோடு ஆள் காவல் போனது. ஒரு வீட்டு வாசலில் மறுநாள் யானைச் சாணம் கிடந்தது. கிடந்ததாம் இல்லை, கிடந்தது.

உடனே தொலைக்காட்சி கூப்பிட்டது. அதே கதை வேண்டுமாம். திருமேனிக்குத் தலைகால் புரியவில்லை. அடித்த இரண்டு பக்கத்தையும் திரும்ப எழுதினார். படப்பிடிப்புக்கு நிஜ யானையே வந்தது. எழுதியபடி காலைத் தூக்கியது, காதை மடக்கியது, வாலை ஆட்டியது.

பார்த்தவர்கள், "யானை என்ன அழகு!" என்றார்கள். ஒருத்தரும் பயப்படவில்லை. "அடுத்ததும் இப்படின்னா வேற ஆளைப் பாக்கணும் சார்" என்றார் சேனல்காரர்.

திருமேனி பிலோமினாவிடம் ஓடினார்.

"இல்லாத யானைக்கு ஊரே நடுங்குச்சு. நெசமான யானையைக் கொண்டாந்து நிறுத்துனேன், கொட்டாவி விடுறாங்க. என்னம்மா தப்பு?"

அவள் டீயை ஆற்றி அவர் முன்னால் வைத்தாள்.

"யானை வர்றப்ப ராக்கு என்ன பண்ணிக்கிட்டிருந்தா?"

யானையின் ஒவ்வொரு அடியும் அவருக்கு நினைவிருந்தது.

"அவ... அங்கதான் எங்கயாவது நின்னிருப்பா."

"ரேடியோவுல நாம எல்லாரும் அவகூட நின்னோம்ணே. டிவியில அவளை ஒத்தையில விட்டுட்டு, நீங்களே யானையை வேடிக்கை பாக்கப் போயிட்டீங்க."

திருமேனி டீயைத் தள்ளி வைத்துவிட்டுப் பேனாவைத் திறந்தார்.

கேட்டதோடு இருக்கட்டும் சாமி. யார் சொன்னது என்று எவன் கேட்டாலும் என் பக்கம் கையைக் காட்டிவிடாதீர்கள்.