பத்து ஆள் கூலி கேட்ட பெரான்

கப்பல்கள் காற்றை நம்பி ஓடிய காலத்தில், செங்கழனி என்ற நாட்டை இளவழுதி என்றொரு ராஜா ஆண்டு வந்தான். கெட்டவன் அல்ல. நினைத்தால் நினைத்ததுதான், அவ்வளவே. ஒரு மழைக்காலத்தில் குடை பிடிக்கக் கூடாது என்று உத்தரவு போட்டு, தனக்கே ஜலதோஷம் பிடித்ததும் அதை ரத்து செய்தவன்.

அந்த நாட்டில் கூலி மிகக் குறைவு. நாளெல்லாம் தறியில் உட்கார்ந்தாலும் இரண்டு படி நெல்தான். பிழைப்புத் தேடி ஆட்கள் கப்பலேறி வெளியே போவார்கள். வெளியிலிருந்து யாரும் வேலை கேட்டு வந்ததில்லை.

அப்படியிருக்க, ஒருநாள் பெரான் என்பவன் வந்து சபையில் நின்றான். கடலுக்கு அப்பால் மொகாரா என்ற பணக்காரத் துறைமுகத்துக்காரன். கப்பல்காரர்களோடு பழகித் தமிழ் கற்றிருந்தான்.

"உன் ஊரில் கூலி அதிகமாமே. இங்கே எதற்கு வந்தாய்?" என்றான் ராஜா.

"அங்கே என்னைப் போல ஆயிரம் பேர், மன்னா. துணிக் கிடங்கு கிடங்காக ஏறி இறங்கினேன். கிடைத்த வேலையின் கூலியும் வீட்டு வாடகைக்கே போயிற்று. இங்கே வாடகை குறைவு. பத்து ஆள் கூலி கொடுத்தால் நன்றாக இருப்பேன்."

சந்தை அதிகாரி வில்லவராயர் எழுந்தார். வெளிநாட்டு வியாபாரிகளின் பேச்சு அந்த நாட்டிலேயே தமக்கு மட்டும்தான் தெரியும் என்று சொல்லிப் பெரிய பதவியில் இருந்தவர். அந்தப் பேச்சே தாய்மொழியான ஒருவன் இங்கே தங்குவது அவருக்குப் பிடிக்கவில்லை.

"இவன் செய்யும் எந்த வேலையையும் நம் ஆட்கள் இரண்டு படி நெல்லுக்குச் செய்வார்கள் மன்னா. இவனுக்கு எதற்குப் பத்து ஆள் கூலி?"

ராஜா யோசித்தான். "சரி. ஏழு நாள் தருகிறேன். இங்கே யாராலும் செய்ய முடியாத ஒரு வேலையை நீ செய்து காட்டு. கேட்டது கிடைக்கும். முடியாவிட்டால் ஒரு வருஷம் யானைக் கொட்டில் சுத்தம் செய். சோறு மட்டும் போடுவோம்."

பெரான் ஊருக்குள் போனான். அங்கம்மாள் என்ற நெசவுக்காரி வீட்டில் ஓர் அறை கிடைத்தது. மண் பிசைந்து பார்த்தான், குயவர் சிரித்தார்கள். கணக்கு எழுதிப் பார்த்தான். இங்கே பத்து வயதுப் பிள்ளைகள் அவனைவிட வேகம். ஐந்து நாள் போயிற்று. யானைக் கொட்டில் பக்கம் போய் ஒருமுறை எட்டிப் பார்த்துவிட்டுத் திரும்பினான்.

அன்று தறியில் இருந்த சேலையைத் தற்செயலாகத் தொட்டான். கை அப்படியே நின்றது.

"அக்கா, இதை யார் வாங்குகிறார்கள்?"

"உங்க ஊர்க் கப்பல்காரங்கதான் தம்பி. கட்டுக்கு ஐந்து வெள்ளி. அதுக்கு மேல ஒரு காசு ஏறாதுன்னு அதிகாரி சொல்லிட்டார்."

மொகாராவில் செல்வர் வீட்டு மணப்பெண்கள்தான் அந்தத் துணியைக் கட்டுவார்கள். பெரான் நேரே அரண்மனைக்குப் போனான். அந்தத் துணி வாங்க மொகாரா வியாபாரிகள் வரும்போது தன்னை விசிறி வீசும் ஆளாக அரியணைக்குப் பின்னால் நிறுத்த வேண்டும் என்றான். ராஜாவுக்கு வேடிக்கை பிடிக்கும். ஒப்புக்கொண்டான்.

ஏழாம் நாள் மூன்று வியாபாரிகள் வந்தார்கள். தலைப்பாகை கட்டி விசிறியோடு நின்ற பெரானை அவர்கள் கவனிக்கவில்லை. தங்களுக்குள் ஏதோ பேசிச் சிரித்தார்கள். வில்லவராயர் கம்பீரமாகத் தலையாட்டினார்.

"என்ன சொல்கிறார்கள்?" என்றான் ராஜா.

"தங்கள் புகழ் கடல் தாண்டிவிட்டதாம், மன்னா. கட்டுக்கு ஐந்து வெள்ளி தருவார்களாம்."

பெரான் குனிந்து ராஜாவின் காதில், "முப்பது கேளுங்கள்" என்றான்.

ராஜா பத்து விரலையும் மூன்று முறை விரித்துக் காட்டினான். வியாபாரிகள் முகம் மாறியது. கூடிப் பேசினார்கள். கடைசியில் மூத்தவர் மெல்லக் கைகூப்பிச் சம்மதித்தார்.

"உனக்கு எப்படித் தெரியும்?" என்று ராஜா திரும்பினான்.

"ஐந்து சொல்வோம், முரண்டு பிடித்தால் முப்பது வரை போகலாம், ஊரில் அறுபதுக்கு விற்கலாம் என்று பேசிக்கொண்டார்கள், மன்னா. அதற்கு முன் பேசியது வேறு. 'இந்தப் பெரியவரைக் கழுதையா என்று கேள், அதற்கும் தலையாட்டுவார்' என்றார்கள். ஒருவர் கேட்டார். இவர் ஆட்டினார்."

வில்லவராயருக்கு அந்த மொழியில் வணக்கமும் நன்றியும் தவிர ஒன்றும் தெரியாது என்பது அப்போதுதான் வெளிவந்தது.

மூத்த வியாபாரி பெரானைத் தன் மொழியில் கேட்டார்: "நம் ஊர்க்காரனாக இருந்துகொண்டு இப்படிச் செய்யலாமா?"

"உங்கள் கிடங்கில் மூன்று முறை வேலை கேட்டேன், ஐயா. நீங்கள் தரவில்லை" என்றான் பெரான்.

ராஜா பத்து ஆள் கூலியை அறிவித்தான். பெரான் நகரவில்லை.

"இன்னும் என்ன?"

"நெய்கிறவர்களுக்கும் ஏற்றுங்கள், மன்னா. பத்து ஆள் கூலி வாங்கிக்கொண்டு அந்தத் தெருவில் அங்கம்மாள் அக்கா முகத்தை நான் எப்படித் தினமும் பார்ப்பது?"

அன்றே நெசவுக் கூலி நான்கு மடங்காயிற்று.

வில்லவராயரைத் தண்டிக்க வேண்டும் என்று பலர் சொன்னார்கள். ராஜா, "ஒரு வருஷம் மொகாராவில் கைவேலை செய்து பிழைத்து, அந்தப் பேச்சைக் கற்றுக்கொண்டு வாரும்" என்று அந்த வியாபாரிகளின் கப்பலிலேயே ஏற்றிவிட்டான்.

வருஷம் முடிந்தது. ஆள் வரவில்லை, ஓலைதான் வந்தது. முதலில் துறைமுகத்தில் மூட்டை தூக்கினாராம். முதுகு போயிற்றாம். பிறகு மாலுமிகளுக்குப் புளிச்சோறு கிண்டிப் போட்டாராம். அந்த ஊரில் அதைச் செய்ய வேறு ஆள் இல்லையாம். 'நான்கு பேரை வேலைக்கு வைத்திருக்கிறேன். திரும்ப மனமில்லை. மன்னர் பொறுத்தருள வேண்டும்' என்று முடித்திருந்தார்.

ராஜா அதை இரண்டு முறை படிக்கச் சொல்லிக் கேட்டான். பிறகு சமையற்காரனைக் கூப்பிட்டு, அன்றைக்குப் புளிச்சோறு செய்யச் சொன்னான்.