பலகைக்கு அடியில் எச்சம்

துறவு வேண்டும் என்று பிச்சாண்டி கேட்டபோது, "எந்த வீட்டை விடப்போறீங்களோ அதை முதல்ல பார்க்கிறேன்" என்றார் மங்கையர்க்கரசி அம்மா. அவருக்கு நாற்பது வயது. பள்ளியில் இலக்கணம் நடத்திக்கொண்டிருந்தவர், ஒருநாள் எல்லாவற்றையும் உதறிவிட்டுத் துறவியானவர். பிச்சாண்டிக்கு அறுபது முடிந்திருந்தது.

கோத்தகிரிக்கு மேலே, பலகைத் தளம் போட்ட பழைய வீடு. நடுப்பகலில் போய்ச் சேர்ந்தார்கள். மூடுபனி ஜன்னல் வழியாக உள்ளே வந்து நின்றிருந்தது.

பிச்சாண்டி கடப்பாரையால் வாசலோரப் பலகையை நெம்பினார். அடியில் ஒரு சாண் பள்ளம். பள்ளத்து மண்ணில் தார் போலக் கறுத்து, பிசுபிசுவென்று ஒரு படிவு. ஐந்து விரலும் குதிகாலும் தெளிவாக இருந்தன.

அடுத்த பலகை. அடுத்த கால்.

"பூனைகூட ஊர்ந்துதான் போகணும் இதுக்குள்ள," என்றார் அம்மா.

ஏழு பலகைகள். அறையின் நடுவில் இரண்டு பாதங்களும் சேர்ந்து நின்றன. அதற்கப்புறம் வெறும் தூசி.

"திரும்பிப் போன தடம்?"

"இல்லைம்மா. பதினோரு வருஷமா சுரண்டறேன். ஒவ்வொரு தடவையும் எட்டாம் நாள் இதே இடத்துல வந்து நிக்குது."

"யார் கால்?"

"தம்பி சடையனா இருக்கலாம். ஒருநாள் வந்தான், போயிட்டான். அப்புறம் யாரும் அவனைப் பார்க்கலை."

போலீஸிடமும் உறவுக்காரர்களிடமும் சொன்ன அதே வாக்கியம். சொல்லிச் சொல்லி வழவழப்பாகியிருந்தது.

"டவுன்ல ஒருத்தன்கிட்ட இதைச் சோதிக்கக் கொடுத்தேன். 'எச்சம், இன்னதென்று தெரியவில்லை'ன்னு எழுதிக் கொடுத்தான். பலகைக்கு அடியில காக்கா எப்படிம்மா போகும்?"

அம்மா சிரித்தார். "அவன் மிச்சம்னு சொல்லியிருக்கான். நானா இருந்தாலும் எச்சம்னுதான் எழுதியிருப்பேன். வேற அர்த்தத்துல."

பிச்சாண்டி குனிந்து பார்த்தார். பாதங்களின் விரல்கள் அவர் பக்கம் திரும்பியிருந்தன. மெல்ல நகர்ந்து எதிர்ப்பக்கம் போய் நின்றார். மறுபடி குனிந்தார். விரல்கள் இப்போதும் அவர் பக்கமே இருந்தன.

"அம்மா, இது போறதுக்கு வழி சொல்லுங்க. நாளைக்கே காவி கட்டிக்கிறேன்."

"வந்தான், போயிட்டான். ரெண்டும் வினைமுற்று. பிழையே இல்லாத வாக்கியம். ஆனா கீழே போன தடம் இல்லையே, பிச்சாண்டி."

பிச்சாண்டி கடப்பாரை முனையால் தூசியைக் கீறினார்.

"எச்சத்தைச் சுரண்டிப் போக்க முடியாது. தன்னை முடிக்கிற வினை வர்ற வரைக்கும் அது காத்துக்கிட்டுத்தான் நிக்கும். ஆறாம் வகுப்புல சொல்லித் தந்திருப்பாங்க. நீங்க அன்னிக்கு லீவு போல."

அம்மா பெயர்த்த பலகை ஒன்றின் மேல் உட்கார்ந்தார். வகுப்பில் ஒரு பையன் எழுந்து நிற்கக் காத்திருப்பவர் மாதிரி கைகளைக் கட்டிக்கொண்டார்.

பனி கலையவில்லை. பள்ளத்தில் கறுப்பு ஈரமாக மின்னியது. பிச்சாண்டி கடப்பாரையைச் சுவரில் சாய்த்து வைத்தார். உதட்டை நனைத்துக்கொண்டார்.

"சடையன் வந்து... அன்னிக்கு வந்து..."

"சரியாத்தான் ஆரம்பிச்சிருக்கீங்க," என்றார் அம்மா. "வந்து?"