முள்வீட்டில் கடைசி ஒருத்தி

ஒரு ஊரை ஒட்டி ஒரு தேரிக்காடு இருந்தது. எங்கே பார்த்தாலும் செம்மணல், வெயில், அனல்காற்று. அதற்கு வேலி போட்டு, பூங்கா என்று பலகையும் மாட்டியிருந்தார்கள். ஊர் சும்மா இருக்குமா? வளர்ந்து வளர்ந்து வேலியில் வந்து தோளைச் சாய்த்துக்கொண்டது.

அந்த மணலுக்குள் ஒரு நெருஞ்சி முள் கிடந்தது. முள்தானே என்று ஏசிவிடாதீர்கள், அது ஒரு வீடு. உள்ளே மூன்று விதைகள், அக்கா தங்கைமார்: பேச்சி, இசக்கி, கடைக்குட்டி உச்சி. அந்த வீட்டில் ஒரு கட்டுப்பாடு உண்டு. ஒரு மழைக்கு ஒருத்திதான் வெளியே போகலாம். அவள் பூத்துக் காய்த்துப் புது முள்வீடு கட்டின பிறகே அடுத்தவள் கதவைத் திறக்கலாம். இல்லாவிட்டால் ஒரே வெயிலில் வம்சமே அற்றுப்போகும்.

இரண்டு வருஷமாக மழை எட்டிப் பார்க்கவில்லை. அப்போதுதான் ஊருக்குத் தண்ணீர் கொண்டுபோகும் குழாயை வேலியோரமாகப் பதித்தார்கள். மூன்றாம் மாதமே ஜாயிண்ட் விட்டுப்போய்த் தண்ணீர் கசிந்தது. பேச்சி முளைத்தாள். பத்தாம் நாள் இசக்கிக்கும் பொறுக்கவில்லை. மழைக்குத்தானே கட்டுப்பாடு, இது தினமும் வருகிறதே என்று அவளும் கிளம்பிவிட்டாள்.

உச்சிக்கு மட்டும் மனசு ஒப்பவில்லை. இடி இல்லை, மண்வாசனை இல்லை, தண்ணீரில் பிளீச்சிங் பவுடர் நாற்றம். ஆனால் மேலே அக்காமார் மஞ்சளாகப் பூத்து நின்றார்கள். இருட்டுக்குள் தனியே கிடந்து அவளுக்கு அழுகை அழுகையாக வந்தது. கடைசியில் குழாயிடமே கேட்டாள்.

"அண்ணாச்சி, நீங்க நின்னு நெலச்சு வருவியளா?"

"ஒங்க மழைய மாதிரியா நான்? ஒருநாள் தவறியிருக்கேனா, சொல்லு."

அது பொய்யில்லை. அவள் கதவைத் திறந்தாள். கசிந்த தண்ணீர் தேங்கிய அந்தப் பள்ளத்தில் கிடந்த மற்ற முள்வீடுகளிலும் கடைசி ஒருத்தி அப்படித்தான் திறந்தாள்.

எட்டாம் நாள், மாடிக்குத் தண்ணீர் ஏறவில்லை என்று ஊரில் சத்தம் போட்டார்களாம். ஒரு ஃபிட்டர் வந்தார். கசிந்த ஜாயிண்டில் ரப்பர் வைத்து இரண்டு போல்ட்டை முடுக்கிவிட்டுப் போனார். நல்ல மனுஷன், வேலை சுத்தம்.

பிறகு வெயில் பிடித்துக்கொண்டது. அக்காமாரின் பூக்கள் காயாகும் முன்னே கருகின. உச்சிக்கு நாலே நாலு இலை.

"நம்ப வச்சுக் கழுத்தறுத்துட்டியளே, அண்ணாச்சி" என்றாள்.

குழாய்க்கே சங்கடமாகிவிட்டது. "நான் எங்க தாயி ஒங்களுக்குன்னு வந்தேன்? போற வழியில சிந்துனேன்."

ஐப்பசியில் மழை வந்தது. இடியோடும் மண்வாசனையோடும் வந்து, முள்வீட்டு வாசலில் நின்று, "ஏட்டி, உள்ள யாரு இருக்கிய?" என்று கேட்டது. சத்தமே இல்லை. பக்கத்து வீட்டிலும் கேட்டுப் பார்த்தது.

வீட்டுக்கு ஒருத்தி இருப்பாளே என்று மூன்று நாள் நின்று பெய்துவிட்டு, மழை போய்விட்டது.