பத்து வருஷப் பாண்டு

குலசேகரனிடம் இருந்தது மூன்றே விமானம். அதிலும் ஒன்று எப்போதும் ரிப்பேரில் நிற்கும். ஆனாலும் அவர் வாயில் அது "மாபெரும் விமானக் கம்பெனி"தான். பயணிகள் குறைந்தால் பைலட்டுகளை வீட்டுக்கு அனுப்புவார். கூடினால் இன்டர்வியூவுக்கு அழைப்பார். போன தடவை வீட்டுக்கு அனுப்பப்பட்ட ஜெசிந்தா, இந்தத் தடவையும் வந்து எதிரே உட்கார்ந்தாள்.

"பத்து வருஷம் விலக மாட்டேன்னு பாண்டுல கையெழுத்துப் போடும்மா. அப்பதான் வேலை."

உடனே போட்டாள். அதன் கீழே, 'கம்பெனியும் பத்து வருஷம் என்னை அனுப்பாது' என்று எழுதிப் பேனாவை நீட்டினாள்.

"மாபெரும் கம்பெனியாச்சே, நீங்களும் போடுங்க சார்."

குலசேகரன் பதறினார். "பத்து வருஷம் கம்பெனியே இருக்குமான்னு யாருக்கும்மா தெரியும்?"

கதவு திறந்திருந்தது. வெளியே பதினோரு பைலட்டுகள் காத்திருந்தார்கள்.

ஜெசிந்தாவுக்குப் பாண்டு இல்லாமலே வேலை கிடைத்தது. அடுத்து உள்ளே வந்த பதினோரு பேரும் முதலில் கேட்டது பேனாவைத்தான்.