நீர்க்காகத்தின் நனைந்த சிறகு

பறவைகளும் வாய்விட்டுப் பேசிக்கொண்டிருந்த அந்தக் காலத்தில், ஓர் ஏரியின் நடுத்திட்டில் நீர்க்காகமும் வாத்தும் பக்கத்துப் பக்கத்தில் குடியிருந்தன. நீர்க்காகத்தின் பெயர் கரியாத்தா. வாத்தின் பெயர் பொம்மி. அப்போது வாத்துக்குச் சிறகில் எண்ணெய்ப் பசை கிடையாது. கரியாத்தாவுக்கோ வாலடியில் எண்ணெய் சுரந்துகொண்டே இருக்கும். முங்கி எழுந்தால் ஒரு சொட்டுத் தண்ணீர் ஒட்டாது. அவளுக்கு அதில் கொஞ்சம் கர்வமும் உண்டு.

அடைமழைக்கு முன்னால் பொம்மியின் குஞ்சுகளுக்கு ஒரு கூரை வேண்டியிருந்தது. பொம்மி தாமரை இலைகளைக் கொண்டுவந்தாள். கரியாத்தா கோரையில் அகலமாக ஒரு பாய் பின்னியிருந்தாள்.

"எது தண்ணீர் விடாது என்று பிள்ளைகளே பார்த்துச் சொல்லட்டும் அக்கா" என்றாள் பொம்மி.

குஞ்சுகளுக்குக் கொண்டாட்டம். காய்ந்த புழுதியை இரண்டு குவியலாகக் குவித்து, ஒன்றன்மேல் இலையும் மற்றதன்மேல் பாயும் வைத்து, அலகலகாகத் தண்ணீர் மொண்டு ஊற்றின. "ஊறட்டும், நீந்திவிட்டு வந்து பார்ப்போம்" என்று கத்திக்கொண்டே ஓடின.

கரியாத்தாவுக்குப் பொறுக்கவில்லை. பாயைத் தூக்கிப் பார்த்தாள். அடியில் புழுதி சேறாகிக் கிடந்தது. பார்த்துப் பார்த்துப் பின்னிய பாயாயிற்றே, ஏரியே சிரிக்குமே! சேற்றைக் காலால் தள்ளிவிட்டு, காய்ந்த புழுதியை அள்ளிப் போட்டு மூடினாள்.

திரும்பி வந்த மொட்டு, அதுதான் பொம்மியின் கடைக்குட்டி, "பெரியம்மா, காலெல்லாம் சேறு!" என்றது.

"ஏரிக்கரையில் சேறில்லாமல் சந்தனமா இருக்கும்? போடி வாயாடி!"

குஞ்சுகள் பார்த்தன. இரண்டு குவியலும் காய்ந்திருந்தன. "அப்படியானால் அக்காவின் பாயே போதும், அகலமாக இருக்கிறது" என்றாள் பொம்மி.

மழை பிடித்துக்கொண்டது. பாய் பொத்தலாய் ஒழுகியது. குஞ்சுகள் தொப்பலாக நனைந்து வெடவெடத்தன. மொட்டு கண்ணைத் திறக்கவே முடியாமல் கிடந்தது.

"நாங்கள்தான் சரியாகப் பார்க்கவில்லைபோல, பெரியம்மா" என்று முனகியது.

கரியாத்தாவுக்கு அந்த இடத்திலேயே செத்துவிடலாம்போல் இருந்தது.

"இல்லை கண்ணு. நீங்கள் சரியாகத்தான் செய்தீர்கள். ஈரப் புழுதியை மாற்றி வைத்த பாவி நான்" என்றாள். தலை நிமிரவில்லை. "கடவுளே, என் பொய்க்கு இந்தப் பிஞ்சு நனையவேண்டாம். என்னிடம் இருப்பதை எல்லாம் எடுத்துக்கொள்" என்று வேண்டியபடி, வாலடி எண்ணெயைக் கடைசிச் சொட்டுவரை அலகால் வழித்து மொட்டுக்கும் மற்றக் குஞ்சுகளுக்கும் பொம்மிக்கும் பூசிவிட்டாள்.

மேலே விழுந்த மழை வழுக்கி ஓடியது. மெல்ல மெல்லச் சூடேறி மொட்டு கண் விழித்தது. பொம்மி மொட்டைத் தன் சிறகுக்குள் இழுத்துக்கொண்டாள். பிறகு, "கிட்ட வந்து உட்காருங்கள் அக்கா, நனைகிறீர்களே" என்றாள். திட்டியிருந்தால்கூட கரியாத்தா தாங்கியிருப்பாள்.

அன்றிலிருந்துதான் வாத்தின் முதுகில் தண்ணீர் ஒட்டுவதில்லை. நீர்க்காகமோ முங்கி எழும்போதெல்லாம் நனைந்துபோகிறது. வெட்டவெளியில் ஒரு கல்லின்மேல் ஏறி, இரண்டு சிறகையும் அகல விரித்து, தன் ஈரத்தை ஒளிக்காமல், பார்க்கிறவர்கள் பார்க்கட்டும் என்று நிற்கிறது.